முருங்கையும் லட்டுவும் 9 நாள் தங்கிய பெங்களூரு லிங்கராஜபுரத்து வீடு

திருக்கடையூரில் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அது சரி, இதுங்கள எங்க விடறது?" என்றார். இதுங்கள் என்றால் எங்கள் இரண்டு நாய்கள். அப்போது சோபாவுக்கு அடியில் ஒரு செருப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

லட்டுவுக்கு 11 வயது, 7 கிலோ. பொமரேனியன் என்று சொல்லித்தான் எங்களிடம் விற்றார்கள். முதல் ஊசிக்குப் போனபோதே டாக்டர், "இது இந்தியன் ஸ்பிட்ஸ்மா" என்று சிரித்துவிட்டார். முருங்கை 4 வயது டாஷ்ஹண்ட், நீள உடம்பு, குட்டைக் கால், 9 கிலோ. பெயர் வைத்தது என் மகள். நேரில் பார்த்தவர்கள் யாரும் ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதில்லை.

லட்டுவுக்கு இரண்டு வருடமாக இதய வால்வில் கசிவு. சின்ன ஜாதி நாய்களுக்கு வயதானால் சகஜமாக வருவதுதான். பிமோபெண்டான் மாத்திரை, காலை ஒன்று, மாலை ஒன்று, நடுவில் 12 மணி நேரம். அதுவும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில். முருங்கைக்கு வியாதி எதுவும் கிடையாது, ஆனால் அவன் ஜாதிக்கே முதுகெலும்பு டிஸ்க் நழுவும் ஆபத்து உண்டு. கட்டிலிலிருந்து ஒரு தப்பான குதி குதித்தால் பின்னங்கால் இழுத்துக்கொள்ளலாம். ஆக, நான் தேடியது நாய்க்குச் சோறு போடும் ஆளை இல்லை. கடிகாரம் பார்த்து மாத்திரை கொடுக்கிற, கட்டிலில் ஏற்றாத ஆளை.

கூடவே கூட்டிப் போகலாமே என்று அம்மா போனில் சொன்னாள். அம்மாவுக்கு எல்லாம் சுலபம். எங்களுடையது மயிலாடுதுறை வழியாகப் போகும் மைசூர் வண்டியில் ஸ்லீப்பர் டிக்கெட். ஸ்லீப்பரிலோ ஏசி த்ரீ டயரிலோ நாயை ஏற்ற முடியாது. முதல் வகுப்பு ஏசியில் கூபே அல்லது கேபின் முழுவதையும் நம் பெயரில் எடுத்தால் கூட உட்கார வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பார்சல் ஆபீசில் புக் பண்ணி, கார்டு இருக்கும் கோச்சில் உள்ள நாய்ப்பெட்டியில் அடைக்க வேண்டும். ஒரு தடவை மெஜஸ்டிக் ரயில் நிலையத்தில் அந்தப் பெட்டியை எட்டிப் பார்த்திருக்கிறேன். இரும்பு. ராத்திரி முழுக்க அதற்குள் லட்டு குலைக்கிற குலையை நினைத்ததோடு அந்த யோசனை முடிந்தது. திருச்சிக்குப் பறக்கலாம் என்றால் இண்டிகோ செல்லப்பிராணிகளை ஏற்றுவதில்லை. காரில் போனால் லட்டு ஓசூர் தாண்டும் முன்பே வாந்தி எடுப்பாள். அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தாலும், கோயிலில் ஆயுஷ்ய ஹோமம் நடக்கும்போது இரண்டையும் யார் மடியில் வைத்துக்கொள்வது?

அடுத்தது மாடி வீட்டு ஆன்ட்டி. அல்சூரில் எங்கள் சந்தில் 20 வருடமாக இருக்கிறவர், மனசு தங்கம். "சாவிய குடுத்துட்டுப் போடி, ரெண்டு வேளை சாம்பார் சாதம் பிசைஞ்சு வெச்சுடறேன்" என்றார். அந்த சாம்பாரில்தான் சிக்கல். வெங்காயம், சின்னதோ பெரியதோ, பச்சையோ வெந்ததோ, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உடனே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, நாய் சுருண்டு படுக்கும்போதுதான் தெரியும். ஆன்ட்டியிடம் இதைச் சொன்னால், "எங்க ஊர்ல நாய் எல்லாம் இத தின்னுட்டுத்தான் இருந்துச்சு" என்பார். சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பெரிய போர்டிங் இடங்கள் எனக்கு ஏன் ஒத்துவராது என்பதற்குப் போன வருட அனுபவம் போதும். நகரத்துக்கு வெளியே, தோட்டம், நீச்சல் தொட்டி, ஏசி அறை, போனில் எந்நேரமும் கேமரா. பெயர் வேண்டாம். நான்கு நாள் விட்டோம். கேமராவில் நான் பார்த்தது ஒரு லாப்ரடார், இரண்டு ஹஸ்கி, நடுவே முருங்கை. லாப்ரடார் பாவம் விளையாட்டாகத்தான் முன்காலைத் தூக்கி அவன் முதுகில் போட்டது. 30 கிலோ நாயின் விளையாட்டு 9 கிலோ நாய்க்கு விளையாட்டா? போன் பண்ணினேன். "அவங்க ஃபிரெண்ட்ஸ் ஆயிட்டாங்க மேடம்" என்றான் அந்தப் பையன். கேமரா வைத்திருப்பதால் நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அங்கே யாரும் அதைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த ஐந்தாம் நாள் லட்டு இருமத் தொடங்கினாள். தொண்டையில் மீன் முள் சிக்கியவர் மாதிரி, கழுத்தை நீட்டி, கடைசியில் வெள்ளை நுரை. கென்னல் காஃப். நிறைய நாய்கள் ஒரே காற்றைச் சுவாசிக்கிற இடத்தில் வேகமாகப் பரவுகிற தொற்று. நல்ல உடம்பு நாய்க்கு இரண்டு மூன்று வாரத்தில் தானாகச் சரியாகும். இதய நோயாளிக்கு ஒவ்வொரு இருமலும் எங்கள் வயிற்றைப் பிசைந்தது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, சேர்ப்பதற்குச் சில வாரம் முன்பே போட வேண்டும். அந்த இடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்து வாங்கிய படிவத்தில் மட்டும் "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று மூன்று இடத்தில் இருந்தது.

ஆப் மூலம் வந்த ஒரு தம்பியிடமும் பேசினேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "ரெண்டு நாய்க்கு டபுள் சார்ஜ், ஓகேவா?"

லிங்கராஜபுரத்து அக்காவைச் சொன்னது எங்கள் நாய் டாக்டரிடம் கம்பவுண்டராக இருக்கிறவர். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தன் வீட்டிலேயே மூன்று நாய் வரைக்கும் எடுத்துக்கொள்கிறார். 12 கிலோவுக்கு மேல் இருந்தால் வாங்குவதில்லை. பெட்டை நாய் சீசனில், அதாவது இணை சேரும் பருவத்தில், இருந்தாலும் வாங்குவதில்லை. விளம்பரம் கிடையாது, பெயரை எங்கும் எழுதாதே என்று சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

முதல் நாள் நாய்களை உள்ளேயே விடவில்லை. வாசலில் நிற்க வைத்து ஊசி அட்டையை வாங்கினார். ரேபிஸ் தேதி, பல நோய்களுக்கான கூட்டு ஊசியின் தேதி, கென்னல் காஃப் ஊசி. முருங்கைக்கு கடைசியாகச் சொன்னது போடவில்லை. "போட்டுட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்காரருக்குக் கோபம். எனக்கு அந்த இடத்திலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மறுபடி போனபோது ஒரு கோடு போட்ட நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இடி இடிச்சா எங்க போய் ஒளியுவா? சாப்பாட்ட மோந்து பாத்துட்டு விட்டா, எத்தன வேளை வரைக்கும் பழக்கம்? மாத்திரைய எதுல வெச்சுக் குடுக்கறீங்க? யாரு மொதல்ல சாப்பிடணும், இல்லன்னா சண்டையா?" கடைசிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை, மகளுக்கு போன் போட்டுக் கேட்டேன். பிறகு, அவசரம் என்றால் எந்த டாக்டர், என்னைப் பிடிக்க முடியாவிட்டால் எவ்வளவு ரூபாய் வரை அவராகச் செலவு செய்யலாம் என்று எழுதி என் கையெழுத்து வாங்கினார். அந்தக் கடைசி வரியை எந்த போர்டிங்கிலும் நான் பார்த்ததில்லை. ராத்திரி 2 மணிக்கு நாய்க்கு ஏதாவது ஆனால் அதுதான் வேண்டியிருக்கும்.

அதற்குப் பின் ஒரு ராத்திரி ஒத்திகை. லட்டு விடியும் வரை கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளாம், முருங்கை அக்காவின் செருப்பை எடுத்துக்கொண்டானாம்.

9 நாளும் வீடியோ வரவில்லை. அக்காவிடம் இருப்பது பழைய போன், படம் எடுத்தால் எல்லாம் மங்கல். அதற்குப் பதில் ராத்திரி 10 மணிக்கு வாட்ஸாப்பில் வெறும் ஒரு எண் வரும். 22. மறுநாள் 24. முதலில் எனக்கு விளங்கவில்லை. கேட்டால், லட்டு அசந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறாராம். "முப்பதுக்கு மேல போச்சுன்னா நுரையீரல்ல தண்ணி சேருதான்னு பாக்கணும், உங்க டாக்டர் சொல்லலியா?" டாக்டர் சொல்லித்தான் இருந்தார், நான்தான் இரண்டு மாதம் எண்ணிவிட்டு விட்டிருந்தேன்.

ஆறாம் நாள், அண்ணனுக்கும் அண்ணிக்கும் கலசாபிஷேகம் நடந்த அன்று ராத்திரி, 28 என்று வந்தது. லாட்ஜ் மொட்டை மாடியில் நின்றுகொண்டு போன் பண்ணினேன். அக்கா பதறவில்லை. அன்று பக்கத்தில் ஏதோ கல்யாணத்துக்குச் சரவெடி வெடித்தார்களாம், லட்டு பீரோ இடுக்கில் போய் உட்கார்ந்து இப்போதுதான் தூங்கினாளாம். "ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி எண்றேன், நீ படும்மா" என்றார். அதுவரை 'நீங்க' என்றுதான் பேசியவர். பதினொன்றரைக்கு 23 என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் கல்யாணப் பலகாரத்தில் கை வைத்தேன்.

குறை இல்லாமல் இல்லை. வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முருங்கையைத் தூக்கிக்கொண்டுதான் ஏறி இறங்குகிறார், ஆனால் அவருக்கும் முழங்கால் வலி, எத்தனை வருடம் முடியும் தெரியவில்லை. நடை என்பது தெருமுனை வரை காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம். துறுதுறுவென்று இருக்கிற இளம் நாய் என்றால் போதாது. ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விடுவார், 11 மணி வரை நாயை விடவோ எடுக்கவோ முடியாது. நாங்கள் ஞாயிறு விடிகாலை வந்து இறங்கிவிட்டு, பையும் கையுமாக அவர் வீட்டுப் படியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து லட்டு குலைத்துக்கொண்டே இருந்தாள். அதைவிடப் பெரிய குறை, முருங்கைக்கு நான் கொடுத்தனுப்பிய உலர்தீனியோடு தினமும் கோழி ஈரல் சேர்த்திருக்கிறார். 9 கிலோவாகப் போனவன் 9 கிலோ 400 கிராமாக வந்தான். முதுகுக்கு ஆகாது என்று சொன்னேன். "ரெண்டாம் நாளு சாப்பிடவே இல்லம்மா, வேற என்ன பண்றது" என்றார். அதுவும் நியாயம்தான், ஆனால் ஒன்பது நாளுமா?

ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு 650 ரூபாய் வாங்கினார். மாத்திரை கொடுக்கத் தனிக் காசு இல்லை. போன வருடத்து நீச்சல் தொட்டி இடத்தில் கொடுத்ததில் பாதிதான்.

உண்ணியும் இல்லை, இருமலும் இல்லை. மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன். 18 காலி, சரியாக இருந்தது. நோட்டில் எங்கள் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன், தரவில்லை. போன் இருக்கே, படம் எடுத்துக்கோ என்றார். எடுத்தேன். அதில் மூச்சு எண்களுக்குக் கீழே, "மு. செருப்பு 2 ஜோடி" என்று எழுதியிருக்கிறது. ஒரு ஜோடிக்குத்தான் காசு வாங்கிக்கொண்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போக இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். டிசம்பர் கடைசி வாரம் யார் கேட்டாலும் எடுக்க மாட்டார், கிறிஸ்துமஸுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள்.