மண்டைக்கு எந்த ஓடு?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் சித்தி மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது, வீங்கிய மூளைக்கு இடம்விட, இடப்பக்க மண்டையோட்டைக் கையகலத்துக்கு எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. ஆனால் அந்த இடத்தில் தோல் குழிந்துபோய், எழுந்து நின்றாலே தலைவலி, கிறுகிறுப்பு. ஓட்டையை அடைப்பது அழகுக்காக மட்டுமில்லை என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

வழக்கமாக முதலில் பார்ப்பது சொந்த எலும்பைத்தான். எடுத்த துண்டைக் கடுங்குளிரில் உறையவைத்தோ, வயிற்றுத் தோலுக்கடியில் புதைத்தோ பாதுகாத்து, வீக்கம் வற்றியதும் திரும்பப் பொருத்துவார்கள். செலவு குறைவு, வடிவமும் கச்சிதம். கிருமி தொற்றினால் மட்டும் எடுத்துவிட வேண்டியதுதான். தொற்றாவிட்டாலும் சிலருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, அது மெல்லக் கரைந்துபோவதுண்டு. இவனுடையது நொறுங்கியிருந்ததால் அந்தப் பேச்சே எழவில்லை. (1668-இல் வெளிவந்த நூலில் யோப் வான் மீக்கெரன் என்ற டச்சு அறுவை மருத்துவர், ஒரு ரஷ்யரின் மண்டையை நாயின் எலும்பால் அடைத்த கதையைப் பதிவு செய்திருக்கிறார். திருச்சபை விலக்கிவைத்ததால் அதை எடுத்துவிடச் சொன்னாராம் அந்த ரஷ்யர், எலும்போ ஒட்டிப்போயிருந்ததாம்!)

சரி, மிச்சம் டைட்டானியம், பீக், அக்ரிலிக். மூன்றுக்கும் அளவெடுப்பது ஒரே மாதிரிதான்: மெல்லிய அடுக்குகளாக சிடி ஸ்கேன் எடுத்து, நல்ல பக்கத்தைக் கணினியில் இடவலமாகப் புரட்டி, ஓட்டைக்குப் பொருந்தும் வடிவத்தை வரைவார்கள்.

டைட்டானியம் மெலிசு, பலமோ அதிகம். ஆனால் ஸ்கேனில் கோடுகோடாக மறைக்கும். வெயிலும் குளிரும் உள்ளே தெரிகிறது என்பார்கள் சிலர். எனக்குப் பெரிய பயம் வேறு: தோல் நைந்த இடத்தில் தகடு வெளியே தலைகாட்டிவிடலாம்.

அக்ரிலிக் என்பது பல்செட்டு செய்கிற பொருள்தான். மலிவு. இறுகும்போது நன்றாகச் சூடேறும் என்பதால், முப்பரிமாணத்தில் அச்சிட்ட அச்சில் வெளியிலேயே வார்த்து எடுத்து வைப்பது நல்லது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கையில் காசில்லாத குடும்பத்துக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். ஒரே குறை, பலமாக அடிபட்டால் உடையும்.

பீக் ஒருவகைக் கெட்டி பிளாஸ்டிக். வளைந்துகொடுப்பதில் உலோகத்தைவிட எலும்புக்கு நெருக்கம், ஸ்கேனை மறைக்காது, சூட்டையும் எளிதில் கடத்தாது. எலும்போடு ஒட்டாது, குட்டித் தகடும் திருகும்தான் பிடித்து நிறுத்தும். விலைதான் கழுத்தைப் பிடிக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைக் கட்டணம் குறைவு என்றாலும், உள்ளே வைக்கும் பொருளுக்குத் தனியாகக் கட்ட வேண்டிவரலாம். முடியாதவர்கள் அங்குள்ள மருத்துவ சமூகநலப் பிரிவை முதலில் பாருங்கள். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தென்றால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தையும் விடாதீர்கள்.

நான் அக்ரிலிக் பக்கம் நின்றேன். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: “மறுபடி மோட்டார் ஓட்டுவானா?” ஓட்டுவான், வேறு பிழைப்பு ஏது. பீக் என்று முடிவாயிற்று.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை போட்டுக்கொண்டான். தையல் கோட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சித்தியின் சங்கிலிதான் இன்னும் அடகுக்கடையில் இருக்கிறது.