10க்கு 12 அறையும் ஒரு ஜோடி யமஹா எச்எஸ்5-உம்

"ஏம்மா, தொப்பிதான் கேக்கறது. பாட்டு எங்கே போச்சு?"

எங்கள் தெரு மிருதங்க வாத்தியார் இப்படிக் கேட்டதால்தான், பதிவைச் சரிபார்க்க உதவும் மானிட்டர் ஸ்பீக்கர் வாங்க நான் கிளம்பினேன். தொப்பி என்பது மிருதங்கத்தில் கனத்த நாதம் தரும் இடப்பக்கம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் அவருடைய தங்கை மகன் பாட, அவர் வாசிக்க, நான் பதிவு செய்து, குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து மிக்ஸும் செய்து கொடுத்திருந்தேன். என் மேசையில் இருந்த 3 அங்குல ஸ்பீக்கர்களில் கேட்டபோது குரல், வயலின், மிருதங்கம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவர் மருமகன் காரில் போட்டுக் கேட்டிருக்கிறார். அந்தக் காரில் பெரிய வூஃபர், அதாவது அடித்தொனிக்கான ஸ்பீக்கர். தொப்பி இடிபோல விழுந்து குரலை மூடிவிட்டது.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பையனின் சுருதி ஒன்றரைக் கட்டை, அதாவது 138.6 ஹெர்ட்ஸ். தொப்பியின் நாதம் ஏறக்குறைய அதில் பாதி, 69 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். என் பழைய ஸ்பீக்கரின் பெட்டியிலோ 80 ஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்கும் என்று அச்சிட்டிருந்தது. தொப்பியில் கையை அழுத்தி இழுத்து எழுப்பும் கும்கியின் அடிநாதம் எனக்குக் கேட்கவே இல்லை. கேட்காததைக் குறைவு என்று நினைத்து, தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். தொப்பி பதிவில் நன்றாகவே இருந்தது. என் மேசைக்குத்தான் அது வந்து சேரவில்லை.

மானிட்டருக்கும் வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. வீட்டு ஸ்பீக்கரின் வேலை பாட்டை இனிமையாக்குவது. அதற்காக அடித்தொனியைக் கொஞ்சம் தூக்கியும் மேல்தொனியைப் பளபளவென்றும் வைத்திருப்பார்கள். மானிட்டர் உள்ளதை உள்ளபடி காட்டப் பார்க்கும். யமஹாவின் என்எஸ்-10 என்ற ஸ்பீக்கரின் கதை இதற்கு நல்ல சான்று. 1978இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்த ஸ்பீக்கர் அது. வீடுகளில் பெரிதாக எடுபடவில்லை, ஆனால் உலகமெங்கும் ஸ்டூடியோ மேசைகளில் ஏறி உட்கார்ந்தது. அதில் நன்றாகக் கேட்டால் வேறு எதிலும் நன்றாகக் கேட்கும் என்று பொறியாளர்கள் நம்பினார்கள். 2001இல் உற்பத்தி நின்றது. அதன் வூஃபரில் இருந்த வெள்ளைக் கூம்பைத்தான் 2013இல் வந்த எச்எஸ் வரிசையிலும் யமஹா வைத்திருக்கிறது.

ஜோடி ஸ்பீக்கர், ஒயர், அறைக்கு வேண்டியது எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம் ரூபாய் ஒதுக்கினேன். முதலில் ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். வூஃபர் 5 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள மானிட்டர்களுக்குக் கடைகளில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்பீக்கருக்கானது. அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். சிறியவை ஜோடியாக வரும். அவற்றில் ஒன்றுக்குள் ஆம்ப்ளிஃபயர் இருக்கும், மற்றது ஒயரில் அதைத் தொடரும். இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

காலைப் பல்லவனில் சென்னைக்குப் போனேன். கடையில் இருந்த இளைஞர் 8 அங்குலத்தைத்தான் முதலில் காட்டினார். "மேடம், பேஸ் வேணும்னா இதுதான்." அவர் சொன்னது பெரிய அறைக்குப் பொருந்தும். என் அறை 10 அடிக்கு 12 அடி, உயரமும் 10 அடி. அந்த அறையில் 8 அங்குலத்தை வைத்தால் ஸ்பீக்கரைவிட அறைதான் அதிகம் பேசும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கையில் பென் டிரைவில் நான்கு பதிவுகளை வைத்திருந்தேன், எல்லாம் சுருக்கப்படாத வேவ் கோப்பு. வாத்தியாரின் தனி ஆவர்த்தனம், தம்பூரா மட்டும், ஒரு பெண் குரல், 40இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றைத் தொனி. எல்லாம் நானே பதிவு செய்தவை, நானே உண்டாக்கியவை. கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டில் எந்த ஸ்பீக்கரும் அழகாகத்தான் கேட்கும். மூலம் எப்படி இருந்தது என்று தெரிந்த ஒலியைக் கொண்டுபோனால்தான் எது கூடியது, எது குறைந்தது என்று சொல்ல முடியும். இன்னொன்று, இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்க வேண்டும். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும். நம் காது அப்படி. ஃபோனில் ஒலி அளக்கும் செயலியை வைத்துச் சமப்படுத்திவிட்டுத்தான் கேட்டேன்.

கடைசியில் இரண்டு மிஞ்சின: ஜேபிஎல் 305பி மார்க் 2, யமஹா எச்எஸ்5. இரண்டும் 5 அங்குலம். தாளில் பார்த்தால் ஜேபிஎல் இன்னும் கீழே போகிறது, 43 ஹெர்ட்ஸ் வரை. மேல்தொனிக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டரைச் சுற்றி அது வைத்திருக்கும் புனல் போன்ற அமைப்பால், தலையை இப்படி அப்படி நகர்த்தினாலும் ஒலி பெரிதாக மாறுவதில்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிற இடமென்றால் நான் அதைத்தான் சொல்வேன். எச்எஸ்5 54 ஹெர்ட்ஸோடு நிற்கிறது. அதுவும் சத்தம் 10 டெசிபல் குறைந்துபோன நிலையில். 3 டெசிபல் குறைவு என்ற கணக்கில் பார்த்தால் 74 ஹெர்ட்ஸ்தான். வாத்தியாரின் 69 ஹெர்ட்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது.

இருந்தும் எச்எஸ்5-ஐ எடுத்தேன். காரணம் அந்தப் பெண் குரல். "ச"வும் "ஸ"வும் வரும் இடங்களில் மைக்கில் சீறியதை நான் முன்பு கவனித்ததே இல்லை. எச்எஸ்5 அதை முகத்துக்கு நேரே நிறுத்தியது. கமகத்தில் ஒரு அசைவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் தனியாகத் தெரிந்தது. தம்பூராவில் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூல் ஒரு தந்தியில் சற்றே விலகியிருந்ததைப் பதிவிலேயே கண்டுபிடித்தேன். நான் செய்யும் வேலையில் முக்கால் பங்கு குரல். குரலைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுகிற ஸ்பீக்கர்தான் எனக்கு வேண்டும். அடித்தொனிக் குறையைச் சுவரை வைத்துச் சரிக்கட்டலாம் என்ற கணக்கும் மனதில் இருந்தது.

ஜோடி முப்பதாயிரத்தைத் தாண்டியது. ஒவ்வொன்றும் 5.3 கிலோ. உள்ளே வூஃபருக்கு 45 வாட், ட்வீட்டருக்கு 25 வாட் என்று தனித்தனி ஆம்ப்ளிஃபயர். என் அறைக்கு இதில் பாதிகூட ஒருநாளும் தேவைப்பட்டதில்லை, ஆகவே வாட் எண்ணைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். பவர் சுவிட்சும் சத்தக் குமிழும் முதுகில் இருக்கின்றன. இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, அந்தப் பெட்டியின் சுவிட்சையே பயன்படுத்துகிறேன். போடும்போது கணினியும், அதோடு மைக்கையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியும் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். இல்லாவிட்டால் 'டப்' என்று ஒரு அடி கூம்பில் விழும்.

இனி அறை. ஸ்பீக்கரை மேசையில் வைத்த முதல் நாள், இதற்கா இவ்வளவு செலவு என்று எனக்கு அழுகையே வந்தது. கடையில் கேட்ட தெளிவு துளியும் இல்லை. நாற்காலியை முன்னே இழுத்தால் தொப்பி மறைந்தது, பின்னே தள்ளினால் ஊதியது.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 12 அடி என்பது 3.66 மீட்டர். அதைப்போல் இரு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நின்ற அலையாகிவிடும்; அறையில் ஓரிடத்தில் ஊதும், ஓரிடத்தில் மறையும். அது 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். என் அறையின் அகலமும் உயரமும் ஒன்றே என்பதால் அந்த 56 இரட்டிப்பாக நிற்கிறது. இது அறையின் குணம். லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வைத்தாலும் போகாது. 8 அங்குலத்தை வேண்டாம் என்றது இதனால்தான். இந்தத் தொனிகளை இன்னும் பலமாகத் தட்டி எழுப்பியிருக்கும்.

அடுத்தது முன்சுவர், அதாவது ஸ்பீக்கருக்குப் பின்னால் எனக்கு எதிரே இருக்கும் சுவர். ஸ்பீக்கரிலிருந்து பின்னால் போகும் அடித்தொனி சுவரில் பட்டுத் திரும்பி வந்து முன்னால் போவதோடு மோதும். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 30 அங்குலத்தில் இருந்தது. அந்தத் தூரத்தின் நான்கு மடங்கை அலைநீளமாகக் கொண்ட தொனி, அதாவது 113 ஹெர்ட்ஸ், அறுந்துபோகும். ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது. சுவரை நோக்கித் தள்ளி 15 அங்குலமாக்கினேன். தொனி அறுபடும் அந்தக் குழி 225 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்தது. அந்த உயரத்தில் இருப்பதை 4 அங்குலப் பஞ்சுப் பலகையால் ஓரளவு விழுங்க முடியும். 113ஐ அப்படி எளிதில் முடியாது. சுவரின் நெருக்கம் அடித்தொனியைத் தூக்கியும் கொடுத்தது. 69 ஹெர்ட்ஸ் மேலே வந்தது. நான் நம்பியிருந்த சுவர்க் கணக்கு இதுதான். கொஞ்சம் மிஞ்சியதை, முதுகில் இருக்கும், அடித்தொனியைக் குறைக்கும் ரூம் கன்ட்ரோல் சுவிட்சை 2 டெசிபல் குறைவில் வைத்துச் சரிசெய்தேன். அந்தச் சுவிட்ச் இதற்காகவே இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம். மேல்தொனியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். அடித்தொனிக்கு அந்த அட்டை இருப்பதே தெரியாது. தீப்பிடித்தால் எரியும். நான் 100 மில்லிமீட்டர் ராக்வூல் வாங்கி, ஆசாரியை வைத்து 4 அடிக்கு 2 அடிச் சட்டம் ஆறு அடித்து, காடாத் துணி போர்த்தினேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டு, பக்கச் சுவர்களில் ஒவ்வொன்று, பின்மூலைகளில் ஒவ்வொன்று. கையுறையும் முகமூடியும் இல்லாமல் ராக்வூலைத் தொடாதீர்கள், அரிப்பு எடுக்கும். மொசைக் தரையில் பழைய ஜமுக்காளத்தை விரித்தேன். மூலையில் இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சுருட்டி நிறுத்தியிருக்கிறேன். வீட்டில் சும்மா கிடந்தவை, நன்றாகவே உழைக்கின்றன.

ஏறும் தொனியைப் போட்டுக் கேட்டபோது 80ஐ நெருங்கும் இடத்தில் ஒரு கலகலப்பு. ஸ்பீக்கர் பழுது என்று பயந்துவிட்டேன். அறை மூலையில் நின்ற இரும்பு பீரோவின் கைப்பிடி அது. பீரோவைக் கீழே இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. நம் வீடுகளில் மானிட்டர் வைக்கிறவர்கள் முதல் வேலையாக ஒரு ஏறும் தொனியைப் போட்டு, எவர்சில்வர் பாத்திரம், ஜன்னல் கம்பி, பீரோ எல்லாவற்றிலும் கை வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

ட்வீட்டர் காதுமட்டத்தில் இருக்க ஸ்பீக்கருக்கு அடியில் செங்கல்லும் ரப்பர் துண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 3.5 அடி, ஒவ்வொன்றிலிருந்தும் என் தலைக்கு அதே 3.5 அடி. இப்படி உட்கார்ந்தால் முன்சுவரிலிருந்து ஏறக்குறைய 4.3 அடியில் இருப்பேன். அறையின் நட்டநடுவில் இல்லை. அந்த இடத்தில் 47 ஹெர்ட்ஸ் காணாமல் போய்விடும்.

ஒயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். இன்டர்ஃபேஸிலிருந்து, வெளி இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு டிஆர்எஸ் ஒயர் இரண்டு போதும். கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து இழுத்தால் 'கொய்ங்' என்று ஓர் ஓசை ஒட்டிக்கொண்டு வரும். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினதும் ஸ்பீக்கர் உறுமினால் பழி இன்வெர்ட்டர் மேல்; ஸ்கொயர் வேவ் வகை அப்படித்தான் செய்யும். நான் அந்த நேரத்தில் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

எல்லோருக்கும் எச்எஸ்5 வேண்டியதில்லை. கதை வாசிப்பு, பாட்காஸ்ட் மட்டும் என்றால் எடிஃபயர் எம்ஆர்4 ஜோடி போதும். 4 அங்குலம், 60 ஹெர்ட்ஸ் வரை போகும், முன்பக்கமே ஹெட்ஃபோன் துளை இருக்கிறது. மேசையைச் சுவரோடு ஒட்டித்தான் போட முடியும் என்கிறவர்கள் காலி எல்பி-6ஐக் கேட்டுப் பார்க்கலாம். அடித்தொனியை வெளியே விடும் காற்றுத் துளை முன்பக்கம், சுவர்ப்பக்கமா மேசைமேலா என்பதற்கேற்ப மாற்ற முதுகில் குட்டிச் சுவிட்சுகள். ஆனால் 6.5 அங்குலம், இடம் அடைக்கும். தவிலும் பறையும் பதிவு செய்கிறவர்கள் 5 அங்குலத்தை மட்டும் நம்பாமல் ஒரு நல்ல ஹெட்ஃபோனையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். 60க்குக் கீழே நானும் அதில்தான் பார்க்கிறேன்.

பழைய மிக்ஸை முதலிலிருந்து மறுபடி செய்தேன். தொப்பிக்கு ஏற்றியிருந்த ஈக்யூவை முழுவதும் எடுத்துவிட்டேன். வாத்தியாரை மாடிக்கு அழைத்து என் நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்துக் கேட்டுக்கொண்டே வந்தவர், தனி ஆவர்த்தனத்தில் ஓரிடத்தில் கையைத் தூக்கினார்.

"நிறுத்தும்மா. அந்தக் கும்கி கனமில்லாம விழறது. ரவை காஞ்சு போயிருக்கு அன்னிக்கு. இத்தனை நாள் கேக்கவே இல்லையே!"

இறங்கிப் போனார். அரை மணி நேரத்தில் மிருதங்கத்தையும் தொப்பியில் அப்புவதற்கு ஒரு கிண்ணத்தில் பிசைந்த ரவையையும் எடுத்துக்கொண்டு படியேறி வந்தார்.