‘சி மூலநிரல்’ என்ற கதவு: ஈமாக்ஸின் உள்ளுக்குள் வழி தேடுபவருக்கு

நெல்லியடியில் கணினி வகுப்பு எடுக்கும் நண்பர் கேட்டது இவ்வளவுதான்: "ஏ.எல் முடிச்ச பெடியளுக்கு ஒரு பெரிய கட்டற்ற மென்பொருளின்ரை நிரலை வாசிக்கப் பழக்கவேணும். ஈமாக்ஸ் சரிவருமோ?" ஈமாக்ஸ் என்பது உரையையும் நிரலையும் எழுதித் திருத்தும் ஒரு எடிற்றர். அது என்னென்ன செய்யும் என்பதை விடுவோம். அதன் மூலநிரலுக்குள் நடமாடுவது எப்படியிருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

திறமான பக்கம் முதலில். கொன்ட்ரோல்-எச், அடுத்து கே, அதன்பின் எந்த விசையையாவது அழுத்துங்கள். அந்த விசை எந்தக் கட்டளையைக் கூப்பிடுகிறது, அது எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஈமாக்ஸே சொல்லும். கோப்பின் பெயரில் என்டர் தட்டினால் அந்தக் கட்டளை தொடங்கும் வரியில் கொண்டுபோய் விடும். இத்தனை பெரிய நிரலுக்கு இதைவிட நல்ல வழிகாட்டியை நான் பார்க்கவில்லை. விசையிலிருந்து நிரலுக்கு இரண்டே எட்டு.

ஒரு சொல்லை வைத்தே பார்க்கலாம். ‘கொடிகாமம்’ என்று தட்டச்சு செய்து, கேர்சரைச் சொல்லின் முன்னால் வையுங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது குறியீடு: க, ொ, ட, ி, க, ா, ம, ம, புள்ளி. 29ஆம் பதிப்பில், வரைகலைச் சாளரத்தில், டிலீற் விசையை ஒருமுறை அழுத்தினால் ‘கொ’ முழுதாகப் போகும். அதற்குப் பதில் கொன்ட்ரோல்-டி அழுத்தினால் ‘க’ மட்டும் போய், ஒற்றைக் கொம்பும் அரவும் புள்ளிவட்டத்தைச் சுற்றிக்கொண்டு அநாதையாக நிற்கும். இரண்டும் ‘அடுத்ததை அழி’ என்ற வேலைதான். பிறகேன் இந்த வித்தியாசம்?

கொன்ட்ரோல்-எச் கே போட்டு டிலீற்றை அழுத்தினால் விடை வருகிறது: கட்டளையின் பெயர் ‘டிலீற்-ஃபோர்வேர்ட்-சார்’, இருப்பது ‘சிம்பிள்’ என்ற லிஸ்ப் கோப்பில் (லிஸ்ப் என்பது ஈமாக்ஸின் பெரும்பகுதி எழுதப்பட்ட நிரல்மொழி). திறந்தால், அழிப்பதற்கு முன் அது ‘ஃபைன்ட்-கொம்போசிஷன்’ என்ற செயற்கூறை (ஒரு வேலைக்கெனப் பெயரிட்டு எழுதிய நிரல்துண்டு) கேட்பது தெரியும்: இந்த இடத்தில் ஒன்றாகச் சேர்த்து வரையப்பட்ட எழுத்து ஏதும் உண்டா? உண்டென்றால் அதை முழுதாக அழிக்கிறது. அந்தச் செயற்கூறின் பெயரில் கேர்சரை வைத்து மெற்றா-புள்ளி (மெற்றா என்பது பெரும்பாலும் ஆல்ட் விசை) அழுத்தினால் ‘கொம்போசிற்’ என்ற லிஸ்ப் கோப்புக்குப் போகலாம். ‘க’வும் ‘ொ’வும் சேரவேண்டும் என்று ஈமாக்ஸுக்குச் சொன்னது யார் என்று இன்னும் தேடினால், மொழிகளுக்கான அடைவில் ‘இந்தியன்’ என்ற கோப்பில் தமிழுக்கென்றே ஒரு கோலம் எழுதியிருக்கிறார்கள். உயிர், மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்துக் குறி கொடுத்து, எது எதன் பின்னால் வரலாம் என்று ஒழுங்கு கட்டியிருக்கிறது. நாலாம் வகுப்பில் படித்த எழுத்திலக்கணம் ஒரு எடிற்றரின் வயிற்றுக்குள் இருக்கிறது. தமிழ் தெரிந்த ஒருவர் இந்த இடத்தை வாசித்தே ஆகவேண்டும். கேர்சரை ‘கொ’வில் வைத்து கொன்ட்ரோல்-யு, கொன்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அழுத்தினால் ‘க’வின் குறியீட்டு எண் 2965 என்பதும், எந்த எழுத்துரு அதை எதனோடு சேர்த்து வரைகிறது என்பதும் ஒரு தனிச் சாளரத்தில் வரும்.

இனி கரைச்சல். கொன்ட்ரோல்-டி எங்கே இருக்கிறது என்று அதே மாதிரிக் கேளுங்கள். ‘டிலீற்-சார்’, உள்ளமைந்த செயற்கூறு, இருப்பது ‘சி மூலநிரலில்’, அதாவது சி மொழியில் எழுதிய அடிப்பகுதியில். கோப்பின் பெயர் கிடையாது. அந்தச் சொல்லில் என்டர் தட்டினால் ‘ஈமாக்ஸ் சி மூல அடைவு எது?’ என்று கீழே ஒரு வரி நின்று கேட்கும். உங்களிடம் அது இல்லை. உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளின் களஞ்சியங்களிலிருந்து நிறுவிய ஈமாக்ஸோடு சி மூலம் வருவதில்லை. இவ்வளவு நேரம் கையைப் பிடித்துக் கூட்டிவந்த வழிகாட்டி, ஆகச் சுவாரசியமான வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அடைவை ஒருமுறை சொல்லிக் கொடுத்தாலும் அந்த அமர்வு முடியும்வரைதான் நினைவு. மூடித் திறந்தால் திரும்பவும் அதே கேள்வி. வருடக்கணக்காகப் பாவித்தும் எரிச்சல் குறையாத ஒரே இடம் இதுதான். நியாயமாகச் சொன்னால் இதில் ஈமாக்ஸின் பிழை பாதிதான், பொதி கட்டுபவர்கள் இடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் நியாயம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

தீர்வு இருக்கிறது. உங்களிடம் இருக்கும் பதிப்பு எது என்று முதலில் பாருங்கள் (உபுண்டு 24.04இல் 29.3). அதே பதிப்பின் மூலப் பொதியை, ஈமாக்ஸை வெளியிடும் க்னூ திட்டத்தின் தளத்திலிருந்து இறக்குங்கள், ஏறத்தாழ 50 எம்பி. கிட் (நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) வழியாக முழு வரலாற்றையும் இழுத்தால் பல நூறு எம்பி போகும், கைபேசி டேட்டாவில் அது கட்டாது. கிட்தான் வேண்டுமென்றால் ஆழம் 1 என்று குறிப்பிட்டுக் கடைசி நிலையை மட்டும் எடுங்கள். ஆனால் அது அடுத்த பதிப்புக்கு ஆயத்தமாகும் நிரல். செயற்கூறைப் பெயரை வைத்துத் தேடுவதால் கண்டுபிடித்துவிடும், திறந்து வாசிப்பது உங்கள் கணினியில் ஓடும் நிரலாக இராது. பிழை தேடும்போது இது ஆளைக் குழப்பும்.

பொதியை விரித்தபின் தொடக்கக் கோப்பில் (ஈமாக்ஸ் திறக்கும்போது வாசிக்கும் உங்கள் அமைப்புக் கோப்பு) ஒரு வரி போதும்: ‘ஃபைன்ட்-ஃபங்ஷன்-சி-சோர்ஸ்-டிரெக்டரி’ என்ற மாறிக்கு அடைவின் பாதையைக் கொடுப்பது. பாதை உள்ளேயிருக்கும் ‘எஸ்-ஆர்-சி’ அடைவுவரை போகவேண்டும். வெளி அடைவோடு நிறுத்திவிட்டு, கோப்பு இல்லை என்று வரும் செய்தியைப் பார்த்துத் தலையைப் பிய்ப்பவர்கள் அதிகம். லிஸ்ப் கோப்புகளே திறக்கவில்லை என்றால் காரணம் வேறு: அவை ‘ஈமாக்ஸ்-ஈ-எல்’ என்ற தனிப் பொதியில் வருகின்றன, அதை ஆப்ட் என்ற நிறுவல் கட்டளை மூலம் நிறுவவேண்டும். கையேடும் டெபியனில் ஈமாக்ஸோடு சேர்ந்து வராது. அதன் உரிமம் காரணமாகக் கட்டற்றவை அல்லாத பகுதியில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். லிஸ்ப் கையேட்டின் பின்னிணைப்பில் ஈமாக்ஸின் உள்ளமைப்பைப் பற்றிய பகுதி நல்ல விளக்கம். சிக்குள் போகுமுன் அதை ஆறுதலாக வாசியுங்கள்.

சிக்குள் போனபிறகு பெயர்தான் தடக்குப்படுத்தும். லிஸ்பில் ‘டிலீற்-சார்’ என்பது சியில் பெரிய எஃப் முன்னொட்டோடும், இடைக்கோட்டுக்குப் பதில் அடிக்கோட்டோடும் இருக்கும். மாறிகளுக்கு முன்னால் வி, குறியீட்டுப் பெயர்களுக்கு முன்னால் கியூ. லிஸ்ப் பெயரை அப்படியே வைத்து கிரெப் (கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டளை) போட்டால் வரையறை ஒன்றும் சில விளக்கக் குறிப்புகளும் வரும், அதைக் கூப்பிடும் இடம் ஒன்றும் வராது. கூப்பிடும் இடங்களுக்கு எஃப் போட்ட பெயரைத் தேடவேண்டும். வரையறைக்கு, பெரிய எழுத்தில் ‘டெஃபன்’, அடைப்புக்குறி, மேற்கோளுக்குள் லிஸ்ப் பெயர். இந்த ஒரு விதி பிடிபட்டால் சி அடைவில் பாதிப் பயம் போய்விடும். ‘டிலீற்-சார்’ இருப்பது ‘சி-எம்-டி-எஸ்’ என்ற சின்னக் கோப்பில். அது சேர்ந்த எழுத்தைப் பற்றி எதையும் கேட்பதில்லை, குறியீட்டை எண்ணி அழிக்கிறது. ‘கொ’ உடைந்ததன் காரணம் அவ்வளவுதான்.

மற்ற மீதிப் பயம் திரையை வரையும் ‘எக்ஸ்-டிஸ்ப்’ என்ற கோப்பு. ஒரே கோப்பு, 35,000 வரிக்கு மேல். தொடக்கத்தில் உள்ள நீண்ட குறிப்பு அருமையானது, அதை வாசித்துவிட்டு மூடிவிடுங்கள். தமிழ் எப்படி வரையப்படுகிறது என்பதுதான் தேவை என்றால் ‘கொம்போசிற்’ சி கோப்பிலிருந்து ‘ஃபொன்ட்’ கோப்புக்கு வந்து, அங்கிருந்து ‘எச்-பி-ஃபொன்ட்’டுக்குப் போகலாம். 2020இல் வந்த 27ஆம் பதிப்போடு சேர்ந்த ஹாஃப்பஸ் (எழுத்துகளைச் சேர்த்து உருவமைக்கும் நிரலகம்) இணைப்பு அங்கேதான்.

திருத்திப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. ‘சிம்பிள்’ கோப்பைத் திருத்திச் சேமித்தால் ஒன்றும் மாறாது. அந்தக் கோப்பு ஈமாக்ஸைக் கட்டும்போதே உள்ளே ஏற்றி உறையவைக்கப்பட்டது. செயற்கூறுக்குள் கேர்சரை வைத்து கொன்ட்ரோல்-மெற்றா-எக்ஸ் அழுத்தினால் அந்த அமர்வுக்கு உடனே மாறும். முன்னால் கொன்ட்ரோல்-யு சேர்த்தால், அடுத்தமுறை அது ஓடும்போது ஸ்பேஸ் அடித்து அடித்து ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். டிலீற்றை இப்படி நிறுத்தி ‘கொ’வை அழித்துப் பாருங்கள், பத்துப் பக்கக் கட்டுரையில் விளங்காதது அரை நிமிடத்தில் விளங்கும். சியைத் திருத்தினால் மேக் கட்டளையை ஓட்டி மீண்டும் கட்டத்தான் வேண்டும். நிறுவத் தேவையில்லை, எஸ்-ஆர்-சி அடைவிலிருந்தே பெரிய கியூ விருப்போடு (தொடக்கக் கோப்பை வாசிக்காமல்) ஓட்டிச் சோதிக்கலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பருக்குச் சொல்வது: பெடியளுக்கு ஈமாக்ஸ் வேண்டாம். முதல் வகுப்பிலேயே ‘சி மூல அடைவு எது?’ என்று முப்பது திரைகளில் கேட்கும், மிச்ச நேரமெல்லாம் அதிலே மினக்கெடும். நானோ என்ற சின்ன எடிற்றரைக் கொடுங்கள். இருபதுக்கு உட்பட்ட சி கோப்புகள், எந்த விசை எந்த வேலை என்பதெல்லாம் ‘குளோபல்’ என்ற ஒரே கோப்பில் பட்டியலாக இருக்கிறது, ஒரு பின்னேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அதற்குள் வழி கேட்க ஆளில்லை, தமிழுக்கென்று எழுதிய கோலமும் இல்லை. ஆனால் கதவில் நிறுத்திவைக்காது. 29.3 பொதியையும் தொடக்கக் கோப்பில் போடவேண்டிய அந்த வரியையும் ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன், பெடியளில் யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள்.