ஃபோல்ட்ஸ்கோப்: 140 மடங்கை நம்பி வாங்கலாம், 2,000 மடங்கை நம்பி வேண்டாம்

ஃபோல்ட்ஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கியைப் பற்றி ஊரெல்லாம் பேசப்படுவது 2014இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையின் எண்கள்தான். தட்டையான தாளை மடித்தால் 10 நிமிடத்துக்குள் நுண்ணோக்கி. எடை 8.8 கிராம். 2,000 மடங்குக்கு மேல் உருப்பெருக்கம். 800 நானோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளையும் பிரித்துக் காட்டும் திறன். மூன்று மாடிக் கட்டடத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கும். உதிரிப் பொருள்களின் செலவு 1 டாலருக்குள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உயிரிப் பொறியியல் துறையில், மனு பிரகாஷின் ஆய்வகத்தில் பிறந்த கருவி இது.

எண்கள் எதுவும் பொய்யல்ல. ஆனால் காசு கொடுத்து வாங்கும் பெட்டிக்குள் இருப்பது 140 மடங்கு லென்ஸ். பிரித்துக் காட்டும் திறன் ஏறத்தாழ 2 மைக்ரான், அதாவது 2,000 நானோமீட்டர். இது தெரியாமல் வாங்கிவிட்டு, தயிரில் பாக்டீரியா தெரியவில்லை என்று புலம்புவோர் உண்டு.

ஏன் 140? லென்ஸ் என்பது இங்கே ஒரு கண்ணாடி மணி, அவ்வளவுதான். மணி சிறுக்கச் சிறுக்க உருப்பெருக்கம் கூடும். 2.4 மி.மீ. விட்டமுள்ள போரோசிலிகேட் கண்ணாடி மணியின் குவியத் தூரம் 1.76 மி.மீ.; வெறுங்கண் தெளிவாகப் பார்க்கும் தூரமான 250 மி.மீ.ஐ இதனால் வகுத்தால் 142. மணியின் விளிம்புக்கும் பார்க்கும் பொருளுக்கும் நடுவே சுமார் 0.56 மி.மீ. இடைவெளி இருக்கும். மாதிரியை மூடும் 0.17 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய கண்ணாடித் தகடான கவர் ஸ்லிப் அதில் தாராளமாக அடங்கும். 2,000 மடங்கைத் தாண்ட வேண்டுமானால் 0.2 மி.மீ. அளவில் நீலமணிக்கல் மணி வேண்டும்; அப்போது மிஞ்சும் இடைவெளி 0.015 மி.மீ. கவர் ஸ்லிப்புக்கே இடமில்லை. பார்வைப் பரப்பும் கடுகாய்ச் சுருங்கிவிடும். ஆய்வகத்தில் பொறுமைசாலிகள் கையாளலாம். ஏழாம் வகுப்பு மாணவர் கையில் அது நிற்காது. குறைந்த எண்ணை விற்பனைக்குத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

அந்த 0.56 மி.மீ. கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகள் தாமாகவே விலகும். கண்ணாடி ஸ்லைடைத் திருப்பிச் செருகினால் லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே 1 மி.மீ. கண்ணாடி வந்துவிடும், எப்படித் தள்ளினாலும் குவியாது. கவர் ஸ்லிப் இருக்கும் பக்கம் எப்போதும் லென்ஸைப் பார்த்தபடி இருக்க வேண்டும். “ஒன்றுமே தெரியவில்லை” என்ற புகாரைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மடிப்பது கடினமில்லை. மடிப்புக் கோடுகளை நகத்தால் ஒருமுறை அழுத்தி நீவிவிட்டு மடித்தால் பாகங்கள் நேராக உட்காரும். அவசரத்தில் கோணலாக மடித்தால் குவியம் நகர்த்தும் சரிவுப் பட்டை சிக்கும். லென்ஸைக் கண்ணுக்கு மிக அருகே, இமை மயிர் தொடும் அளவுக்குக் கொண்டுவந்து, சன்னல் வெளிச்சத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கிப் பிடிக்க வேண்டும். சூரியனை நோக்கி ஒருபோதும் கூடாது. இரு கட்டைவிரல்களாலும் எதிரெதிர்த் திசையில் மெல்லத் தள்ளினால் குவியம் கிடைக்கும். நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரம் மங்கலாகவும் தெரிவது பழுதல்ல, மணி லென்ஸின் குணமே அப்படி.

முதல் மாதிரிக்கு வெங்காயத்தின் உள்தோலே போதும். 5 மி.மீ. சதுரத்துக்கு ஒற்றை அடுக்காக உரித்து, ஒரு சொட்டு நீரில் விரித்து, நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட்டு மூன்று நிமிடம் விடவும். கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பில் ஊன்றி மெல்லச் சாய்த்து இறக்க வேண்டும். தட்டையாக வைத்தால் காற்றுக் குமிழ் மாட்டும். கருத்த விளிம்போடு வட்டமாகத் தெரியும் குமிழைச் செல் என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள் ஏராளம்! மிஞ்சிய நீரை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். விட்டுவிட்டால் அது லென்ஸில் ஏறிக்கொள்ளும், காட்சி பால் கலந்தது போலாகிவிடும். குளத்து நீரில் பாரமீசியம் ஓடி மறைந்தால் இரண்டு பஞ்சு இழைகளைப் போட்டு மூடுங்கள், வேகம் தணியும். மகரந்தம், பட்டாம்பூச்சிச் செதில் போன்ற உலர்ந்தவற்றுக்குக் காகித ஸ்லைடும் ஒட்டுநாடாவுமே போதும்.

மொபைலில் படமெடுக்கக் காந்த வளையம் தருகிறார்கள். யோசனை அருமை, இன்றைய மூன்று கேமரா மொபைல்களில்தான் தொல்லை. பொருள் அருகே வந்ததும் மொபைல் தானாக அகலக் கோணக் கேமராவுக்குத் தாவும், திரை கறுத்துப்போகும். தானியங்கி மேக்ரோவை அணைத்து, முதன்மைக் கேமராவின் மேல் வளையத்தை மையம் பார்த்து ஒட்ட வேண்டும். கேமரா மேடு புடைத்திருந்தால் வளையம் சாய்ந்து, படத்தின் ஒரு பாதி மட்டும் தெளியும்.

மருத்துவப் பயன் பற்றிய பேச்சை மட்டும் அடக்கி வாசிப்பது நல்லது. சிவப்பணு 7 முதல் 8 மைக்ரான், புள்ளியாகத் தெரியும். அதற்குள் இருக்கும் மலேரியா ஒட்டுண்ணியை இந்த லென்ஸ் காட்டாது. அதற்கு எண்ணெயில் தோய்த்துப் பார்க்கும் 1,000 மடங்கு நுண்ணோக்கி வேண்டும். பெரிய முட்டைகளைக் கொண்ட புழுக்களிலும் நிலைமை சுமார்தான். 2015இல் வெளியான கானா நாட்டு ஆய்வில், சிறுநீரில் சிஸ்டோசோமா என்னும் ஒட்டுண்ணிப் புழுவின் முட்டை இருந்தவர்களில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரை மட்டுமே மொபைலில் பொருத்திய ஃபோல்ட்ஸ்கோப் கண்டுபிடித்தது. பள்ளிப் பாடத்துக்கு இது தங்கம், நோயறிய அல்ல.

இதே ஆய்வகத்தின் ‘பேப்பர்ஃப்யூஜ்’ பற்றியும் கேட்பார்கள். பொத்தானில் நூல் கோத்துச் சுழற்றி இழுக்கும் விளையாட்டின் தத்துவத்தில், 2 கிராம் எடையும் 20 சென்ட் செலவும் கொண்டு நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை எட்டிய கைச்சுழலி அது, 2017இல் வெளியானது. ஒன்றரை நிமிடத்துக்குள் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கும். வீட்டில் அட்டை வெட்டிச் செய்து பார்க்கலாம், வண்ண நீரோடு நிறுத்திக்கொண்டால். அந்த வேகத்தில் கண்ணாடி நுண்குழாய் உடைந்தால் இரத்தம் முகத்தில் தெறிக்கும்.

இனி எந்தப் பெட்டி என்ற கேள்வி. ஸ்லைடு, கவர் ஸ்லிப், இடுக்கி, சொட்டுக்குழாய் ஏற்கெனவே இருக்கும் பள்ளிக்கு, இவையும் சேர்ந்து வரும் டீலக்ஸ் பெட்டி வீண். எளிய பெட்டிகளை எண்ணிக்கையில் கூட்டி வாங்குங்கள். வீட்டுக்கு ஒன்றுதான் என்றால் டீலக்ஸ். விரல்பட்ட லென்ஸை வேட்டித் துணியால் துடைக்காமல் லென்ஸ் தாளால் ஒற்றியெடுங்கள்; கீறல் விழுந்த மணியை எதுவும் சரிசெய்யாது.