கராத்தேயா, ஜூடோவா: நிஜச் சண்டையில் எது கைகொடுக்கிறது?

ஏழு ஆண்டுகள் கராத்தே பயின்று கறுப்புப் பட்டை வாங்கிய பிறகு, ஆளைப் பிடித்து எறியும் ஜூடோவின் கூடத்தில் வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டு மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கியவன் நான். ஆகவே இந்த ஒப்பீட்டில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். இரண்டும் உடலை உறுதியாக்கும், இரண்டிலும் நல்ல ஆசிரியரும் உண்டு, மோசமான ஆசிரியரும் உண்டு, சண்டையைத் தவிர்த்து விலகிப்போவது இரண்டையும்விட மேலானது என்பனவெல்லாம் எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் மாறியதற்குக் காரணம் ஒரு சிறிய நிகழ்ச்சி. குடிபோதையில் இருந்த ஒருவர் ஏதோ வாக்குவாதத்தில் என் சட்டையின் முன்பக்கத்தை இரு கைகளாலும் கொத்தாகப் பிடித்து உலுக்கினார். ஆயிரக்கணக்கான முறை பழகிய தடுப்புகளில் ஒன்றுகூட அப்போது வரவில்லை. குத்துவதற்கு வேண்டிய இடைவெளி இல்லை. காலைத் தூக்கினால் நானே விழுந்திருப்பேன். கடைசியில் எந்தக் கலையிலும் இல்லாத முறையில் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு விலகினேன். யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் அன்றிரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

கராத்தேயின் அடிப்படைப் பயிற்சியை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். எதிரில் நிற்பவர் இரண்டடி தள்ளி நின்று, இன்ன குத்து என்று அறிவித்துவிட்டு, ஒரு பெரிய அடி முன்வைத்து முகத்தை நோக்கிக் குத்துவார். நாம் முன்கையை மேலே உயர்த்தி அதைத் தடுத்து, மறுகையால் எதிர்க்குத்து விடுவோம். கவனிக்க வேண்டியது, குத்தியவரின் கை அதுவரை நீட்டியபடியே அந்தரத்தில் நிற்கும் என்பதுதான். நிஜத்தில் குத்துபவன் கையை நமக்காக விட்டுவைப்பதில்லை. அது பின்னால் போய் அடுத்த குத்தாகத் திரும்பி வரும். குத்தும்போது மறுகையை இடுப்புக்கு இழுத்துக்கொள்ளும் பழக்கமும் முகத்தைத் திறந்துவிடுகிறது. அந்தக் கை உண்மையில் எதிரியின் மணிக்கட்டைப் பற்றி இழுப்பதற்கானது என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் யாருடைய மணிக்கட்டையும் பற்றி இழுத்துப் பழகியதில்லை.

ஜூடோ கூடத்தில் முதல் வாரத்திலேயே நிலைமை வேறாக இருந்தது. என்னைவிடப் பத்துக் கிலோ குறைவாக இருந்த ஒருவர் ஒரு கையால் என் சட்டைக் கழுத்தையும் மறுகையால் முழங்கையருகே சட்டைக் கையையும் பிடித்தார். நான் பின்வாங்கினால் கூடவே வந்தார். முன்னே தள்ளினால் அந்த வேகத்தையே எடுத்துக்கொண்டு என்னைத் தரையில் போட்டார். ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். விட்டுக்கொடுக்க மறுக்கும் ஓர் உடலோடு மோதுவது எப்படி இருக்கும் என்பதை ஏழு ஆண்டுகளில் அறியாத நான் அந்த ஐந்து நிமிடத்தில் அறிந்தேன்.

என்னைப் பொறுத்தவரை மொத்தத் தீர்ப்பும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-இல் தோக்கியோவில் ஒரு கோயில் வளாகத்தில் 12 பாய்கள் விரித்த அறையில் கோடோகான் என்ற தம் பள்ளியைத் தொடங்கியபோது, பழைய ஜப்பானியச் சண்டைக்கலையான ஜுஜுட்ஸுவிலிருந்து ஆபத்தான நுட்பங்களை, குறிப்பாக உறுப்புகளின் மீதான அடிகளை, தடையற்ற பயிற்சியான ராண்டோரியில் சேர்க்காமல், வகுத்த வரிசையில் செய்யும் கட்டாக்களுக்குள் ஒதுக்கினார். மேலோட்டமாகப் பார்த்தால் இது கலையைப் பல்லில்லாததாக ஆக்கும் செயல். நடந்ததோ நேர்மாறு. எஞ்சியவற்றை, அதாவது ஆளைத் தூக்கி எறியும் வீச்சுகளையும் பிடிகளையும், முழு பலத்தோடு, எதிர்த்து நிற்கும் ஆளின்மீது, நாள்தோறும் பழக முடிந்தது. கண்ணைக் குத்துவது, தொண்டையை நெரிப்பது போன்ற “கொடிய” நுட்பங்கள் தம்மிடம் இருப்பதால்தான் ஸ்பாரிங், அதாவது எதிர்த்து நிற்பவரோடு மோதிப் பழகுவது, செய்வதில்லை என்று சொல்லும் பள்ளிகளை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. யார்மீதும் ஒருபோதும் செய்து பார்க்காத ஒன்று நெருக்கடியில் எப்படிச் சரியாக வரும்?

வெளியுலகச் சான்றுகளும் பெரும்பாலும் இதே பக்கம்தான் நிற்கின்றன. 1914-இல் பிரேசிலுக்குப் போன ஜூடோ வீரர் மிட்சுயோ மாயேதாவின் வழியில் வளர்ந்ததே, ஆளைத் தரையில் பிடித்து மடக்கும் பிரேசிலிய ஜுஜுட்ஸு. அதைப் பயின்ற ராய்ஸ் கிரேசி, 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில், வெவ்வேறு கலைகளைச் சேர்ந்தவர்கள் மோதிய யூஎஃப்சி என்ற போட்டித் தொடரின் முதல் போட்டியில், தம்மைவிடக் கனமானவர்களையும் சேர்த்து ஒரே இரவில் மூவரை வென்றார். 2017-இல் சீனாவின் செங்டு நகரில் குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த கலப்புச் சண்டையின் வீரர் ஷு ஷியாவோதோங், மெதுவான அசைவுகளால் பழகும் சீனக் கலையான தாய்ச்சியின் ஆசிரியர் ஒருவரை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தியதைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பார்கள். ஒரு மனிதரின் தோல்வியை ஒரு கலையின் தோல்வியாகக் கொள்வது சரியல்ல. ஆனால் முகத்தை நோக்கித் தொடர்ந்து வரும் குத்துகள் அந்த ஆசிரியருக்குப் பழக்கமானவையாகத் தெரியவில்லை என்பதை மறுக்க இயலாது.

கராத்தேக்காகவும் பேச வேண்டும். 2009-இல் யூஎஃப்சியின் லைட் ஹெவிவெயிட் எடைப்பிரிவின் பட்டத்தை வென்ற லியோட்டோ மச்சிதா, தந்தையிடம் ஷோட்டோகான் என்ற கராத்தேப் பிரிவைக் கற்றவர். தூரத்தைக் கணித்து, எதிரி அடியெடுத்து வைக்கும் கணத்தில் நேர்க்குத்து விடும் அவருடைய பாணியில் அந்தப் பழைய பள்ளியின் சாயல் தெளிவாகத் தெரியும். ஆயினும் அவர் பிரேசிலிய ஜுஜுட்ஸுவிலும் கறுப்புப் பட்டை பெற்றவர் என்பதை அவருடைய ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மசுதாட்சு ஒயாமா நிறுவிய கியோகுஷின் கராத்தேயில் உறையணியாத கைகளோடு முழு பலத்தில் மோதுகிறார்கள். அத்தகைய கூடத்தில் நான் தொடங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே வேறாக இருந்திருக்கலாம். அங்கும் கையால் முகத்தில் குத்தக்கூடாது என்பது போட்டி விதி. அதனால் முகத்தைக் காத்துக்கொள்ளும் பழக்கம் தளர்ந்துவிடும் என்று அதில் இருப்பவர்களே குறைப்படுவதுண்டு.

விதிகள் கலையைத் திருகிவிடும் இந்த நோய் ஜூடோவையும் விட்டுவைக்கவில்லை. சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு 2010 முதல் படிப்படியாகக் காலைக் கையால் பிடிக்கும் வீச்சுகளைப் போட்டிகளிலிருந்து விலக்கியது; விளைவாக, என் காலைக் குறிவைத்துப் பாயும் ஒரு மல்யுத்த வீரனிடம் நான் இன்றும் தடுமாறுகிறேன். முதுகு தரையில் பட்டதும் ஆட்டம் முடிந்தது என்ற மனப்பழக்கமும் ஆபத்தானது. பஞ்சுப் பாயில் எறிவதும் சிமென்ட் தரையில் எறிவதும் ஒன்றல்ல. தலை மோதினால் உயிருக்கே முடிவாகலாம், பிறகு சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் எறிந்தவர்தான். உடலுக்கு ஆகும் பராமரிப்புச் செலவு என்று பார்த்தாலும், கராத்தேயில் எனக்கு ஒரு விரல் பிசகியதோடு சரி. ஜூடோவில் தோள் மூட்டு இரண்டு முறை போயிருக்கிறது, நாற்பதைத் தாண்டியவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபுறம், ஜூடோவில் முதலில் கற்றுத்தரும் விழும் முறை மட்டும் எனக்கு நிஜ வாழ்வில் கைகொடுத்திருக்கிறது: ஈரமான படிக்கட்டில் வழுக்கியபோது தாடை தானாக நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, தலை தப்பியது.

கத்தி, பலர் சேர்ந்து தாக்குவது ஆகியவற்றைப் பற்றி நான் அனுபவமாகச் சொல்ல எதுவுமில்லை. இருவருக்கு மேல் இருந்தால் ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதே முட்டாள்தனம் என்பதால், அங்கே கராத்தேயின் விலகி நின்று அடிக்கும் முறை மேலாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். ஜூடோவின் பிடிகள் தடித்த சட்டையை நம்பியவை என்ற குற்றச்சாட்டையும் ஏற்கிறேன். மெல்லிய சட்டை கிழிந்துவிடும், சட்டையே இல்லாதவனிடம் கழுத்துப்பிடி இல்லை. அதனால்தான் வாரத்தில் ஒருநாள் எங்கள் குழுவில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கழுத்தின் பின்புறத்தையும் அக்குளையும் பிடித்துப் பழகுகிறோம். வியர்வையில் கை வழுக்குகிறது, பாதி வீச்சுகள் வருவதில்லை. இடுப்பைக் கொடுத்து எறியும் இரண்டு மூன்று மட்டும் தவறாமல் வருகின்றன.