ஆர்வி-7 கட்டுகிறவர்கள் கவனத்துக்கு: பேனல் வேலையில் போன 85,000 ராண்ட்

டர்பனில் வீட்டு கராஜில் விமானம் கட்டுகிற சிலராவது இதைப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். ஆள் பெயரைச் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள்.

நான் ஃபீனிக்ஸில் கட்டிக்கொண்டிருப்பது ஆர்வி-7. அமெரிக்காவின் ஆரிகனிலிருந்து பெட்டி பெட்டியாக வந்திறங்கும் கிட். இருவர் அருகருகே உட்காரும் அலுமினிய விமானம். இறக்கை, வால், உடல் எல்லாம் லோடுஷெடிங்குக்கு நடுவே கம்ப்ரஸரை ஓட்டி நானே முடித்தவை. வயரிங் என்றால் மட்டும் எனக்குப் பயம். அந்தப் பயத்துக்குத்தான் விலை கொடுத்தேன்.

ஹேங்கரில் அறிமுகமானவர் அந்த மனிதர். பேனல் வேலை, அதாவது விமானி முன்னால் இருக்கும் கருவிப் பலகையை அமைத்து வயரிங் போடும் வேலை, செய்கிறவர் என்றார்கள். இங்கே நம்மவர்களுக்குப் பெயர் கோவிந்தசாமி என்று இருக்கும், தைப்பூசத்துக்குக் காவடியும் எடுப்பார்கள், ஆனால் பேச்சு முழுக்க ஆங்கிலம்தான். இவரோ பாட்டி சொல்லிக்கொடுத்த தமிழில் "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன்.

"எது எங்கே வரணும்னு நீங்க மண்டையை உடைச்சுக்காதீங்க தம்பி. மேல் ஸ்கின்னை ரிவெட் பண்ணி வைங்க. ஒரே மூச்சில் மாட்டிடறேன்" என்றார். "வரைபடம் ஏதாவது கொடுப்பீங்களா அண்ணே?" என்று கேட்டேன். தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். ஸ்கின் மூடியதும் 85,000 ராண்ட் முன்பணம் என்று ஏற்பாடு.

என்னுடையது பின்னால் நகரும் கனோபி, அதாவது தலைக்கு மேலே மூடும் கண்ணாடிக் கூடு. இந்த வகையில் முன் கண்ணாடி நிலையானது. பேனலுக்கு மேலே உள்ள ஸ்கின்னை, அதாவது அலுமினியத் தகட்டை, ரிவெட் அடித்துக் கண்ணாடியையும் ஒட்டிவிட்டால், பேனலுக்குப் பின்னால் கை போக ஒரே வழி, தரையில் மல்லாந்து படுத்து ரட்டர் பெடல்களுக்கு நடுவே தலையை விடுவதுதான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஏவியானிக்ஸ் (மின்னணுக் கருவிகள்) முழுக்க முடிந்து, மின்சாரம் கொடுத்துப் பார்த்த பிறகுதான் அந்த ஸ்கின்னை மூடுவார்கள். இவருக்கு அது தெரியாமல் இல்லை. மூடினால்தானே முன்பணம்! நல்லவேளை, கண்ணாடியை இன்னும் ஒட்டவில்லை.

அப்புறம்தான் கூத்து. ரேடியோ ட்ரே பேனலுக்குப் பின்னால் உடலைத் தாங்கும் நடு ரிப்பில் (உலோகச் சட்டத்தில்) இடித்தது. அளந்து பார்க்கவே இல்லை. ரிப்பை வெட்ட நான் விடவில்லை, உடனே அவர் கருவி வரிசையையே வலப்பக்கம் தள்ளிவிட்டார். ஓட்டுகிற என் முன்னால் சர்க்யூட் பிரேக்கர் வரிசை, பக்கத்தில் உட்காரப்போகும் என் மனைவிக்கு முன்னால், விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் செயற்கை அடிவானம்!

இதையாவது சிரித்துக் கடக்கலாம். பேட்டரி கதை அப்படியல்ல. அது எஞ்சினுக்கும் நம் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்பான ஃபயர்வாலில் உட்கார வேண்டியது. அங்கே தன்னுடைய ஃப்யூஸ் பெட்டிகளை நிரப்பிவிட்டு, 7 கிலோ பேட்டரியை லக்கேஜ் அறைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். 7 கிலோ, 2 மீட்டர் பின்னே. ஏறக்குறைய 500 கிலோ காலி எடைக்கு ஈர்ப்பு மையம் 28 மில்லிமீட்டர் பின்னால் போகிறது. ஏற்கெனவே இரண்டு பேர், பைகள் என்று ஏற்றும்போது மையம் பின்னால்தான் நகரும். மையத்துக்கு அனுமதித்த பின் எல்லையைத் தாண்டினால் மூக்கை நிலையாக வைத்திருப்பதே பாடு, ஸ்டாலிலிருந்து (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) மீள்வதும் கடினம்.

அந்தத் தடிமனான பேட்டரி கேபிளை அதே இடத்தில் இருந்த, பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை அறியும் மேக்னடோமீட்டருக்கு ஒரு கை அகலத்தில் ஓட்டியிருந்தார். ஒரு சனிக்கிழமை எஞ்சின் போடாமல் திரையை மட்டும் உயிர்ப்பித்தேன். திசை 040. வேகம் அளக்கும் குழாயில் பனி உறையாமல் சூடாக்கும் பிட்டோ ஹீட் சுவிட்சைத் தட்டினேன். விமானம் கராஜ் தரையில் அசையாமல் நிற்கிறது, திரையில் எண்கள் மெல்ல ஏறி 062-ல் நின்றன. அணைத்தேன், 040. போட்டேன், 062. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கார் மாதிரி இன்டிகேட்டர் போட்டா திரும்புதோ?" என்றாள்.

பிட்டோ ஹீட் இழுப்பது 10 ஆம்பியர் அளவு. போகும் கேபிள் ஒன்று, திரும்பி வருவது விமான உடல் வழியாக, ஆகவே புலம் ரத்தாகாது. 10 சென்டிமீட்டரில் அது 20 மைக்ரோடெஸ்லா. தென்னாப்பிரிக்காவில் பூமியின் காந்தப்புலமே உலகில் மிகப் பலவீனமான இடங்களுள் ஒன்று, முப்பதைக்கூடத் தொடாது. போட்டி எப்படி இருக்கும்?

அவரை அழைத்தேன். "கேலிப்ரேட் பண்ணினா சரியாயிடும் தம்பி" என்றார். சுவிட்சுக்குச் சுவிட்ச் மாறுவதை எதை வைத்துச் சரிசெய்வது? அதற்குப்பின் வாட்ஸ்அப்பில் கும்பிடும் படம் மட்டும் வருகிறது.

சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் வரம்பு 20,000 ராண்ட். மீதியை விட்டுக்கொடுத்தால் போகலாம், வக்கீல் தேவையில்லை. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, மோசமான சேவையைச் சரிசெய்யச் சொல்லவோ, பணத்தில் நியாயமான பங்கைத் திரும்பக் கேட்கவோ இடம் தருகிறது. அதைச் சுட்டி எழுத்தில் அனுப்பிவிட்டேன்.

இப்போது பேனல் முழுக்க அட்டைப்பெட்டி. ஒவ்வொரு கருவிக்கும் அதன் ஆழத்தோடு, பின்னால் கனெக்டரும் வயர் வளைவும் பிடிக்கும் இடத்தையும் சேர்த்து வெட்டி ஒட்டி, சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு கை எட்டுகிறதா என்று பார்க்கிறேன். பேட்டரி ஃபயர்வாலுக்குத் திரும்பிவிட்டது. மேல் ஸ்கின்னில் பாதி ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்தாயிற்று. துளை பெரிதானால் அடுத்த அளவு ரிவெட்தான். இதுவரை எட்டு துளைகள் அப்படிப் போய்விட்டன.