சிந்தாதிரிப்பேட்டையா, பெரும்பாக்கமா?

சென்னையில் கூவம் ஆற்றின் கரையில் குடியிருந்தவர்களுக்கு இது வெறும் வீட்டுக் கேள்வி இல்லை, பிழைப்புக் கேள்வி.

சிந்தாதிரிப்பேட்டை 1734-இல் நெசவாளர்களுக்காக உருவான 'சின்னத் தறிப் பேட்டை'. இன்று தறி இல்லை, நெரிசல் உண்டு. 2011 கணக்கெடுப்பில் சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26,500 பேர். ஆற்றோரக் குடிசைகளில் அந்த நெருக்கம் இன்னும் அதிகம். மழை வலுத்தால் தண்ணீர் வீட்டுக்குள். ஆனால் விடியற்காலை மீன் வாங்கிக் கூடையில் போட்டால் பத்து மணிக்குள் விற்றுவிடலாம். புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகள் நடக்கிற தூரம்.

சென்னையின் தெற்கு விளிம்பிலுள்ள பெரும்பாக்கத்தில் அரசு கட்டிய எட்டு மாடிக் கட்டடங்கள், 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பலவற்றை இங்கே குடியமர்த்தினார்கள். கான்கிரீட் கூரை, தனிக் கழிவறை, கதவுக்குப் பூட்டு. இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்கள் குடிசையில் இருந்ததில்லை.

சரி, வருமானம்? வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணைப் பாருங்கள். முன்பு காலையில் இரண்டு வீடு, மாலையில் ஒன்று, நடுவே பிள்ளைக்குச் சோறு. இங்கிருந்து ஊருக்குள் போக இருபது கிலோமீட்டருக்கு மேல். 2021 முதல் சாதாரண பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, காசு மிச்சம். பேருந்தில் போகும் நேரத்தை யார் திருப்பித் தருவது? மூன்று வீடு ஒன்றாகிவிடும். மீன் கூடையோடு ஏழாவது மாடி ஏறுவது தனிக்கதை.

என்னைக் கேட்டால், வீடு பெரும்பாக்கத்தில் நல்லது, வேலை சிந்தாதிரிப்பேட்டையில் நல்லது. பக்கத்திலேயே மாடி வீடு கட்டித் தந்த இடங்களில் இந்தக் கேள்வியே எழவில்லை.